சூடு இறங்கிய நாள்

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்து ஆவுடை இன்று காலை புனேவுக்குப் புறப்பட்டுப் போனாள். போகும்போது தன் கேம் கன்சோலை என் அறையில் டி.வி.யோடு மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். "எனக்கு ஆபீசே சரியா இருக்குப்பா. நீங்க ரிட்டயர் ஆனதுலேருந்து முகட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிய. லாரி ஓட்டுங்க" என்றாள். கெமிக்கல் ஃபாக்டரியில் முப்பத்து நாலு வருடம் பாய்லர் ஓட்டியவனுக்குப் பொம்மை லாரி. பெற்ற பெண் கொடுத்ததாயிற்றே என்று உட்கார்ந்தேன்.

காலை பத்துக்கு உட்கார்ந்தவன். வீட்டுக்காரி வடிவு சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது மணி மூன்று.

அக்டோபர் 24, வெள்ளி

இந்த விளையாட்டில் தனியாகவும் ஓட்டலாம், உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து வரிசையாகவும் ஓட்டலாம். தமிழில் பேசிக்கொண்டு ஓட்டும் ஒரு கூட்டம் அகப்பட்டது. ஆறு லாரி. தலைவர் குணாளன், மலேசியாவில் ஈப்போக்காரர், நாற்பது வயதிருக்கும். காதில் ஹெட்செட்டை மாட்டினால் பக்கத்து சீட்டில் இருப்பதுபோல் பேசுகிறார். "அண்ணே, வளைவுல பிரேக்க மிதிக்காதீங்க, கியரக் குறைங்க." எனக்குச் சொல்லித்தர ஒரு ஆள்! ஆனாலும் மனிதர் நல்ல மனிதர்.

பதினொன்றரைக்கு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்போது கன்சோல் 'மிகவும் சூடாகிவிட்டது' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுத் தானே அணைந்தது. என் லாரி நடுரோட்டில் நின்றுபோக, பின்னால் வந்த இரண்டு லாரிகள் மோதிக் கவிழ்ந்தன. அவமானமாக இருந்தது. என் கையில் முப்பத்து நாலு வருடத்தில் ஒரு இயந்திரம் சூட்டால் நின்றதில்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். காற்றுத் துளை முழுக்கத் தூசி, விரலில் எடுத்து நாக்கில் வைத்தால் உப்பு. தூத்துக்குடியில் உப்பளத்துக்கு அருகில் குடியிருந்தால் கன்சோலுக்கும் இதுதான் கதி. பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

டெம்பரேச்சர் கன்னை எடுத்துவிட்டேன். காய்ச்சல் பார்ப்பது அல்ல, பைப்பைப் பார்ப்பது. ஓய்வுபெற்ற அன்று சக ஊழியர்கள் கொடுத்தது. அரை மணிக்கு ஒருமுறை அளந்து பாக்கெட் நோட்டில் குறிக்கிறேன். 9.00 – 41 டிகிரி. 9.30 – 50. 10.00 – 57. 10.30 – 62. அறுபதைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டியிருக்கிறது.

ஹாலில் வடிவு மத்தியானம் படுக்கும் இடத்திலிருந்த டேபிள் ஃபேனை என் அறைக்குக் கொண்டுவந்தேன். அங்கே சீலிங் ஃபேன் இருக்கிறது. மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் சுற்றும்.

அக்டோபர் 27, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன், எழுதி வைக்கத் தகுந்தது. கன்சோலுக்குப் பின்னால் துணி காயப்போடும் சிறிய ஸ்டாண்டை நிறுத்தினேன். அதில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, சாக்கின் கீழ்நுனி முங்கும்படி அகலமான ஒரு பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சாக்கு தானே தண்ணீரை உறிஞ்சி ஏற்றிக்கொள்ளும். சாக்குக்குப் பின்னால் டேபிள் ஃபேன். சொந்தமாக ஒரு கூலிங் டவர்!

மூன்று மணி நேரம் விடாமல் ஓட்டினேன். 52-ஐத் தாண்டவில்லை. குணாளனிடம் சொன்னேன். "நீங்க எஞ்சினியராண்ணே?" என்று கேட்டார். "அதுக்கும் மேல" என்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

வடிவு அறை வாசலில் நின்று, "கரண்டுக்குப் பக்கத்துல தண்ணிய வச்சிருக்கியளே, நல்லாவா இருக்கு?" என்றாள். எனக்குத் தெரியாததா? தட்டில் தண்ணீர் குறையக் குறைய ஒரு சொம்பு ஊற்றிக்கொள்கிறேன். அவ்வளவுதான் பராமரிப்பு.

நவம்பர் 2, ஞாயிறு

வடிவு பெருக்குகிறேன் என்று தட்டை நகட்டி, ஒயரில் கால் தடுக்கிக் கன்சோல் அணைந்துவிட்டது. கொஞ்சம் சத்தம் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை. எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வடிவு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை, ஆல்ப்ஸ் மலையில் இருந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

இன்று போட்டி தொடங்கியது. பதினான்கு நாள். ஆறு லாரியும் சேர்ந்து பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் சரக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் ஒருநாள் வராவிட்டாலும் கூட்டமே வெளியே. தினமும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை என்று குணாளன் ஷிஃப்ட் போட்டிருக்கிறார். ஷிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பில் ஒரு முறுக்கு வந்தது. ஐந்து மாதத்தில் இன்றுதான் அலாரம் வைத்து எழுந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மாநகராட்சியிலிருந்து டெங்கு ஒழிப்புக்கு இரண்டு பெண்கள் டார்ச்சோடு வந்தார்கள். அதில் மூத்தவள் பெயர் பேச்சித்தாய் என்று வடிவு சொன்னாள். அவள் என் அறைக் கதவைத் தட்டி, "அண்ணாச்சி, உள்ள தண்ணி ஏதும் புடிச்சி வச்சிருக்கியளா?" என்று கேட்டாள். நான் பதினெட்டு டன் கண்ணாடி ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். "இங்க ஒண்ணும் கெடையாதும்மா, கொல்லைல பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். கொல்லையில் வடிவு குடிதண்ணீர் பிடித்து வைத்திருக்கும் டிரம்மைப் பார்த்துவிட்டு, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

ஏழாம் நாள். 6,340 கி.மீ. முதல் பத்துக் கூட்டங்களில் நாங்களும் இருக்கிறோம். அறையில் கொசு கடிக்கிறது. மழைக்காலம் என்றால் கடிக்கத்தான் செய்யும்.

நவம்பர் 19, புதன்

வடிவுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரில் 102. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள். மாத்திரை கொடுத்தேன். கன்சோல் 51.

நவம்பர் 20, வியாழன்

103. தெருமுனை டாக்டரிடம் அவளே நடந்து போய் வந்தாள். நான் கூட்டிப்போகிறேன் என்றுதான் சொன்னேன், நாலு மணிக்குப் பிறகு. "டாக்டர் ஒரு மணிக்கே போயிருவாரு" என்று அவளே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பொறுமை கிடையாது.

டாக்டர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் நீடித்தால் நாளை மறுநாள் ரத்தம் பார்க்கச் சொல்லிச் சீட்டு.

நவம்பர் 22, சனி

101. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள் என்று நினைக்கிறேன். மூன்றாகவும் இருக்கலாம். இட்லி வாங்கி வைத்தேன், அப்படியே இருக்கிறது. ரத்தப் பரிசோதனை திங்கட்கிழமை. நாளையோடு போட்டி முடிகிறது. 11,190 கி.மீ. ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது?

நவம்பர் 23, ஞாயிறு

காலை 7.30. வடிவுக்கு 97.8! காய்ச்சல் விட்டுவிட்டது. நாலு நாள் அலைக்கழித்துவிட்டு இறங்கியிருக்கிறது. படுத்தே கிடக்கிறாள், களைப்பு. வயிறு வலிக்கிறதாம், சாப்பிடாமல் கிடந்தால் வலிக்காதா? கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்கு உட்காருகிறேன். கடைசி நாள். நல்ல சகுனம்.

அதே நாள், மாலை. பெரிய ஆஸ்பத்திரி, வராந்தா.

எழுத்து எனக்கே புரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பதினோரு மணி வாக்கில் ஓட்டிக்கொண்டே குணாளனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, நிம்மதி என்று. "அண்ணே, அது டெங்கி இல்லையே?" என்றார்.

"டெங்கா இருந்தா என்ன, அதான் எறங்கிட்டே."

"அண்ணே, லாரிய ஓரங்கட்டுங்க. இங்க எங்க அண்ணிக்கு அப்படித்தான். காச்சல் எறங்கிருச்சின்னு எல்லாரும் சந்தோஷமா இருந்தோம். எறங்குன அன்னிக்குத்தான் ஆளு விழுந்தாங்க. போய் அண்ணி கையத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா ஒரு நிமிஷம் நிக்காதீங்க."

உடனே ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஹாலுக்குப் போனேன்.

தொட்டேன். கையும் காலும் ஐஸ்கட்டி. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. "வடிவு, ஏ வடிவு!" என்றேன். கண்ணைத் திறந்து, "தல சுத்துது. செத்த தண்ணி தாரியளா?" என்றாள். எழுந்து உட்காரப் பார்த்தாள். அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டாள். கண் திறந்தே இருந்தது, ஆனால் அதில் அவள் இல்லை. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவர் காரில்தான் கொண்டுவந்தோம். மடியில் அவள் தலை. வழியெல்லாம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஒரு தடவைகூட அவள் பதில் சொல்லவில்லை.

டாக்டர் சின்னப் பெண், நம் ஆவுடை வயது. ரத்த அழுத்தம் எழுபதுதான் இருக்கிறது என்று நர்சிடம் சொல்லிக்கொண்டே என்னைக் கேட்டாள். "காய்ச்சல் எத்தனை மணிக்கு இறங்குச்சு?"

"காலைல பாத்தப்போ இல்லம்மா."

"அதுக்கு முன்னாடி எப்ப பாத்தீங்க?"

தெரியவில்லை.

"கடைசியா எப்ப யூரின் போனாங்க? எத்தனை தடவை வாந்தி? தண்ணி எவ்வளவு குடிச்சாங்க?"

வாந்தி இரண்டா மூன்றா என்று விரல்விட்டுப் பார்த்தேன். "சார், நீங்கதானே கூட இருந்தீங்க?" என்றாள். சட்டைப் பாக்கெட்டில் கை போயிற்று. சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தும் விட்டேன். அவளும் எட்டிப் பார்த்தாள். 8.00 – 43. 8.30 – 48. 9.00 – 50. 9.30 – 51. இருபத்தெட்டு நாள், அரை மணிக்கு அரை மணி, ஒரு கட்டம்கூட விடவில்லை. "இது என்ன டெம்பரேச்சர்?" என்றாள். நோட்டை மூடிவிட்டேன்.

தட்டணுக்கள் பதினாறாயிரம். டெங்கு. ரத்தக்குழாயிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்துவிட்டது என்று சொன்னாள். "ஷாக்ல இருக்காங்க சார். காய்ச்சல் விடுற நேரம்தான் இதுல டேஞ்சர். யாருமே உங்களுக்குச் சொல்லலையா?"

சொன்னார். ஈப்போவிலிருந்து ஒருவர் சொன்னார்.

நவம்பர் 24, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே விடவில்லை. காலை பத்து மணிக்கு ஒரு தடவை கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகம் ஊதிப்போய் யாரோ மாதிரி இருந்தாள். "இன்னும் ஒரு நாள் போகணும், இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்கிறார்கள். ஆவுடை மத்தியான விமானத்தில் வருகிறாள்.

ஒரே விஷயம் மண்டையைக் குடைகிறது. பாய்லரில் பிரஷர் சடாரென்று விழுந்தால், சூடு குறைந்துவிட்டது, நிம்மதி என்று எந்த மடையனாவது கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவானா? எங்கேயோ ஓட்டை, தண்ணீர் போகிறது என்றுதானே முதலில் ஓடுவோம்? பதினெட்டு வயது அப்ரென்டிஸுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. முப்பத்து நாலு வருடம் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தெரியாமல் போயிற்று.

நவம்பர் 25, செவ்வாய்

சேலை, டூத் பிரஷ் எடுக்க வீட்டுக்குப் போனேன். மாநகராட்சிக்காரர்கள் வந்தார்கள். திரும்பிவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

ரத்த அழுத்தம் நூறு. தட்டணுக்கள் இருபத்தெட்டாயிரம். கண் திறந்து ஆவுடையைப் பார்த்து, "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டாளாம். ஆவுடை வெளியே ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பார்த்தவர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிழைத்துவிட்டாள்.

இப்போது இரண்டு விஷயம் எழுத வேண்டும். நாலு நாளாக எழுதாமல் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று. 23-ஆம் தேதி 'உடனே ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு' என்று எழுதியிருக்கிறேன். உடனே இல்லை. சரக்கு இறக்கும் இடம் முப்பது கிலோமீட்டரில் இருந்தது. இறக்கிவிட்டுத்தான் எழுந்தேன். குணாளன் மூன்று தடவை, "அண்ணே, போங்க. போட்டி போனா போவுது" என்றார். நான்தான் "இந்தா முடிஞ்சிரும்" என்றேன். இருபத்திரண்டு நிமிஷம். ஹாலுக்கும் என் அறைக்கும் பன்னிரண்டு அடி.

இரண்டு. செவ்வாய்க்கிழமை மாநகராட்சிக்காரர்கள் வந்தது சும்மா அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனால் வீட்டைச் சோதிக்க வருவார்களாம். பேச்சித்தாய் கொல்லை டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். துணி கட்டி மூடி, சுத்தமாக இருந்தது. "அக்கா நல்லா வச்சிருக்காவ" என்றாள். பிறகு, அன்றைக்கு நான் விடாத என் அறைக்குள் போனாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

தட்டில் டார்ச் வெளிச்சம். அதில் நூறா இருநூறா, கமாவைப் போலச் சின்னச் சின்னதாக வளைந்து நெளிந்து, வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒன்றாக அடியில் இறங்கின. நான் அதுவரை அந்தத் தட்டைப் பார்த்ததே இல்லை. தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், பார்த்ததில்லை.

"எத்தன நாளா மாத்தல?"

"ஒரு மாசம். குறையக் குறைய ஊத்துவேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இந்தத் தெருவுல நாப்பது வீடு பாத்தாச்சு அண்ணாச்சி. இவ்வளவு புழு வேற எங்கயும் கெடைக்கல. எதுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்துச்சே, அங்கேயும் பாத்தோம், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் மண்ணில் கவிழ்த்தாள். அந்தச் சின்ன ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கன்சோல் சூடாகாமல் இருக்க நான் வளர்த்தது இது. ஃபேனையும் எடுத்துக்கொண்டேன், கொசு அவளைத் தடையில்லாமல் கடிக்கட்டும் என்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது பிள்ளையார்கூட அல்ல.

ஆவுடையிடம் சொல்லவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி வந்துச்சு?" வடிவு மெல்லிய குரலில், "எல்லாம் எங்க வீட்டு டிரம்முதான். மூடி வைக்காம விட்டுட்டேன் போலிருக்கு" என்கிறாள். இன்று மட்டும் ஐந்து பேரிடம் சொன்னாள். ஆவுடை, "எத்தன தடவ சொன்னேன் அந்த டிரம்மத் தூக்கிப் போடுன்னு? கேட்டியாம்மா நீ?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாள். வடிவு போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 3, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வந்ததும் ஆவுடை செய்த முதல் வேலை, டிரம்மைப் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தது. பதினெட்டு வருடம் வடிவு தினமும் தேய்த்துக் கழுவிய டிரம். அது தெருவில் உருண்டு போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் கட்டிலில் கிடந்தாள். என் வாயில் பேச்சு வந்தது, உதடுவரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

ஃபேனைத் திருப்பி ஹாலில் வைத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

குணாளன் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணி எப்படி இருக்காங்க அண்ணே? போட்டி போச்சு, பரவால்ல. யாரும் கோவிக்கல." என் கடைசிச் சரக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்காகவில்லையாம். இறக்கும் இடத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தாமலே எழுந்து போயிருக்கிறேன். அந்த இருபத்திரண்டு நிமிஷம் அதற்கும் ஆகவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் ஆவுடை சிவன் கோயிலுக்குப் போனாள். அம்மா பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டதாம். வடிவு இரண்டு வாரத்தில் முதல் தடவையாக ஹாலில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கை எலும்பும் தோலுமாக இருக்கிறது, வளையல் முழங்கைக்கு ஓடுகிறது.

எதிரில் போய் நின்றேன். தயார் செய்துவைத்த பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. "டிரம் இல்ல வடிவு. என் ரூம்ல இருந்த தட்டு. புழு அதுலதான் இருந்துச்சு. அந்தப் பேச்சித்தாய் எடுத்துக் காட்டுனா. நான்தான் ஒன்ன இந்தக் கதிக்கு ஆக்குனது" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த ரெண்டு பிள்ளைகளும் டார்ச் அடிக்க வந்தாவல்லா, அன்னைக்குச் சாயந்தரம் நீங்க குளிக்கப் போனிய. எதுக்கும் பாத்துருவோம்னு உள்ள போயி எட்டிப் பாத்தேன். நெளிஞ்சிக்கிட்டுக் கெடந்துச்சு."

"பாத்தியா? பாத்துட்டு... அப்பவே கவுத்துக் கொட்டியிருக்கலாம்லா? என்ட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"அதுக்கு முந்தி தட்ட செத்த நகட்டுனதுக்கே என்ன சொன்னிய?"

நவம்பர் இரண்டாம் தேதி 'கொஞ்சம் சத்தம் போட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். அவளே சொன்னாள். "'இனிமே இந்த ரூமுக்குள்ள கால வச்சேன்னா கால ஒடிச்சுருவேன்'னிய. ரிமோட்டைத் தூக்கி எறிஞ்சிய. எம்மேல படல, செவத்துல பட்டுச்சு."

உண்மை. சுவரில் இன்னும் அந்தத் தடம் இருக்கிறது.

"பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"பயமும்தான்" என்றாள். "மறுநா சொல்லிருவோம்னு வாசல்வரைக்கும் வந்தேன். காதுல அத மாட்டிக்கிட்டு யார்ட்டயோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திய. நீங்க அப்படிச் சிரிச்சுப் பாத்து எனக்கு எத்தனையோ வருசமாச்சு. சரி, போட்டி முடியட்டும், பத்து நாளுதானேன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கு வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் டிரம்மு டிரம்முன்னு சொன்ன?"

முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "பின்ன, பெத்த பிள்ளைக்கு முன்னால ஒங்கள நிறுத்தச் சொல்லுதியளா?"

இதற்கு மேல் நிற்க முடியவில்லை. முப்பத்து மூன்று வருடமாக இந்த வீட்டில் வடிவு அதிகம் பேசமாட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். நல்ல குணம், வாயில்லாப் பூச்சி என்று. அவள் உயிர் போயிருந்தாலும் அந்தப் பெருமையோடுதான் நான் எரித்துவிட்டு வந்திருப்பேன்.

"வடிவு, இப்படி நீ எங்கிட்ட சொல்லாம விட்டது இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒங்களுக்கு நேரம் இருக்கா?" என்றாள்.

கேலியில்லை. அவளுக்குக் கேலி வராது. நேரம் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மூட்டு வலித்தது. அவள் வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமாகி மூன்றாம் நாள் என் அம்மா முன்னால் நான் சொன்ன ஒரு சொல்லிலிருந்து ஆரம்பித்தாள். அந்தச் சொல் எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு அன்று உடுத்தியிருந்த சேலையின் கரைவரை ஞாபகம் இருந்தது. நடுவில் ஒருதடவை, 'அது அப்படியில்ல வடிவு' என்று வாய் திறந்தேன். அவள் நிறுத்திவிட்டாள். மூடிக்கொண்டேன். திரும்பத் தொடங்கினாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஆவுடை திருநீற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தரையில் இருப்பதைப் பார்த்துத் திகைத்து, "என்னாச்சு? அம்மாவுக்கு என்ன?" என்று பதறினாள். நான் தட்டு விஷயத்தைச் சொன்னேன். இருபத்திரண்டு நிமிஷத்தையும் சொன்னேன். ரிமோட்டையும் சொன்னேன். அவள் முகம் கல்லாகிவிட்டது. "அப்பா, நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என்னை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள், பேசத்தான். பேச வேண்டியதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வடிவு கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

"நீ அப்புறமா சண்ட போடுட்டி. அவரு இப்பத்தான் வந்து உக்காந்திருக்காரு. போயி ஒலைய வையி."